பல் போனால் வசூல் வரும்!

கே: ‘தி ஹேங்ஓவர் பார்ட் 2’ படத்தின் செலவு 8 கோடி டாலர், உலக வசூல் 58 கோடிக்கு மேல் என்கிறார்கள். அப்படியானால் லாபம் 50 கோடியா?

ப: தியேட்டர்காரர்கள் தங்கள் பங்கை வேண்டாம் என்றால் 50 கோடி! வசூல் என்று பேப்பரில் வருவது டிக்கெட் கவுன்டரில் விழுந்த மொத்தப் பணம். அமெரிக்காவில் அதில் ஏறக்குறைய பாதிதான் ஸ்டுடியோவுக்குப் போகும். மற்ற நாடுகளிலிருந்து 40 சதவீதம் வந்தாலே நல்ல பங்கு. 8 கோடி என்பதும் படத்தை எடுத்து முடித்த செலவு மட்டும்தான். போஸ்டர், டிவி விளம்பரம், பிரிண்ட் எல்லாம் தனி. பெரிய ஸ்டுடியோ படம் என்றால் அதற்கே இன்னும் சில கோடி டாலர் இறங்கும்.

கே: எப்படிப் பார்த்தாலும் முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம்தானே அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கும்?

ப: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பென்சிலை எடுத்து உட்காரும்வரை. 2009-ல் வந்த முதல் பாகத்தின் செலவு 3.5 கோடி டாலர். அமெரிக்கா, கனடாவில் 27.7 கோடியும் மற்ற நாடுகளில் சுமார் 19 கோடியும் வசூல். மேலே சொன்ன விகிதத்தில் பிரித்தால் ஸ்டுடியோ கைக்கு ஏறக்குறைய 21.5 கோடி. செலவைக் கழித்தால் மிச்சம் 18 கோடி.

இப்போது 2011-க்கு வாருங்கள். அமெரிக்கா, கனடாவில் 25.4 கோடி, வெளியே 33 கோடி. கைக்கு வருவது 26 கோடி. செலவு 8 கோடி. மிச்சம்? அதே 18 கோடி! வசூல் கிட்டத்தட்ட 12 கோடி ஏறியும் மிச்சம் இம்மியும் நகரவில்லை. விளம்பரச் செலவையும் டிவிடி வரவையும் சேர்க்காத குத்துமதிப்புக் கணக்குதான் இது. ஆனால் டிவிடியைச் சேர்த்தாலும் முதல் பாகத்துக்குத்தான் அனுகூலம். அது டிவிடியிலும் அள்ளியது. அடுத்தது வந்தபோது அந்தச் சந்தையே சரிந்துகொண்டிருந்தது.

கே: அதே மூன்று நடிகர்கள், அதே டைரக்டர். செலவு மட்டும் எப்படி இரண்டு மடங்கைத் தாண்டியது?

ப: அதே மூன்று பேர் என்பதால்தான். 2009-ல் பிராட்லி கூப்பர், எட் ஹெல்ம்ஸ், ஸாக் கலிஃபியனாகிஸ் மூவரின் பெயருக்காக டிக்கெட் வாங்கியவர்கள் குறைவு. டைரக்டர் டாட் பிலிப்ஸ், சம்பளத்தை விட்டுக்கொடுத்து வருமானத்தில் பங்கு பேசிக்கொண்டார். பட்ஜெட் கைக்கடக்கமாக நின்றது. படம் ஓடியது, மார்க்கெட் ஏறியது. இரண்டாம் பாகத்துக்கு ஆளுக்கு 50 லட்சம் டாலர், அதற்கு மேல் பங்கு என்று அப்போது செய்தி வந்தது. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களே அவர்கள்தான். கூடவே முதல் பாகம் நடந்த லாஸ் வேகாஸை விட்டு பாங்காக் வரை யூனிட்டைக் கிளப்பிக்கொண்டு போனார்களே, அது இருக்கிறது.

கே: காலணா செலவில்லாமல் விழுந்த சிரிப்பு என்று ஏதாவது உண்டா?

ப: எட் ஹெல்ம்ஸின் பல்! முதல் பாகத்தில் மனிதர் ஹோட்டல் அறையில் விழித்து, நாக்கால் துழாவி, பளபளக்கும் பாத்திரத்தில் முகத்தைப் பார்ப்பார். முன்பல் ஒன்று இருக்காது. மேக்கப் அல்ல, கிராபிக்ஸும் அல்ல. அந்தப் பல் அவருக்கு நிஜமாகவே முளைக்கவில்லை. பதின்ம வயதில் செயற்கைப் பல் பொருத்தியிருந்தார். படப்பிடிப்புக்காகப் பல் டாக்டரிடம் போய் அதைக் கழற்றிவிட்டு வந்தார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் போய்த்தான் கல்லா நிரம்பியது.

கே: இரண்டாம் பாகத்தில் அவர் முகத்தில் வரும் பச்சை?

ப: அது ஓசியில் வரவில்லை. மைக் டைசன் முகத்தில் இருக்கும் அதே பச்சை என்பதால், டைசனுக்குக் குத்திய கலைஞர் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். ரிலீஸைத் தடுக்க நீதிபதி மறுத்தார். அடுத்த மாதமே சமரசத்தில் முடிந்தது. என் அனுதாபம் அந்தக் கலைஞருக்கே. ஊசி பிடித்த கைக்கும் ஒரு பங்கு உண்டு.

கே: “அதே கதை” என்று திட்டிக்கொண்டே ஜனம் ஏன் போய்ப் பார்த்தது?

ப: இரண்டாம் பாகத்தின் முதல் வாரக் கூட்டம், முதல் பாகம் சம்பாதித்து வைத்த பேரைக் காட்டி வாங்கிய கடன். வட்டியோடு கட்டியது 2013-ல் வந்த மூன்றாம் பாகம். செலவு 10.3 கோடிக்குப் போய்விட்டது. அமெரிக்கா, கனடா வசூலோ 25.4-லிருந்து 11.2 கோடிக்கு இறங்கியது. வெளிநாடுகள் 25 கோடி கொடுத்துக் கைதூக்கிவிட்டன. இருந்தும் அதே விகிதத்தில் பிரித்தால் மிச்சம் 5 கோடிதான். விளம்பரத்தை அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

கே: இதைவிட அடிவாங்கிய காமெடி தொடர்ச்சி உண்டா?

ப: ‘இவான் ஆல்மைட்டி’, 2007. ஜிம் கேரியின் ‘புரூஸ் ஆல்மைட்டி’ 8.1 கோடியில் எடுத்து 48 கோடி வசூலித்த படம். தொடர்ச்சிக்கு ஜிம் கேரி வரவில்லை. ஸ்டீவ் கேரல் வந்தார். நோவாவின் பேழை கதை என்பதால் வர்ஜீனியாவில் குரோஸெட் என்ற ஊரில் நிஜமாகவே ஒரு பிரம்மாண்ட மரப் பேழையைக் கட்டினார்கள். நிஜ விலங்குகள், அதற்கு மேல் கிராபிக்ஸ் விலங்குகள். செலவு 17.5 கோடி, வசூல் 17.4 கோடி. பங்கு அல்ல, மொத்த வசூலே அவ்வளவுதான்! ஓர் ஆட்டைப் பார்த்துச் சிரித்தவர் நூறு ஜோடி விலங்குகளைப் பார்த்தால் நூறு மடங்கு சிரிக்கமாட்டார். சண்டைப் படத்தில் பணத்தைக் கொட்டினால் திரையில் தெரியும். காமெடியில் சில சமயம் பணம் மட்டும்தான் தெரியும்.

கே: கணக்காகச் செய்து ஜெயித்தவர்கள்?

ப: ‘ஆஸ்டின் பவர்ஸ்’. 1997-ல் முதல் படம் அமெரிக்காவில் ஓடி முடித்தபோது வசூல் 5.4 கோடிக்குள். அப்புறம் வீட்டு வீடியோவில் பரவியது. 1999-ல் வந்த தொடர்ச்சி, முதல் மூன்று நாளிலேயே அந்த மொத்த வசூலைத் தாண்டிவிட்டது. செலவு 3.3 கோடி, உலக வசூல் 31 கோடி.

கே: ரொம்ப வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்தால் ஓடாதோ?

ப: ‘ஸூலாண்டர் 2’ 15 வருடம் கழித்து வந்து படுத்தது. ‘டம் அண்ட் டம்மர் டு’ 20 வருடம் கழித்து வந்து 16 கோடிக்கு மேல் வசூலித்தது. காலண்டரைக் குறை சொல்லாதீர்கள்.

கே: ஹேங்ஓவர் தொடர்ச்சி உங்கள் கையில் வந்திருந்தால் முதல் செக் யாருக்கு?

ப: ஜான் லூகாஸ், ஸ்காட் மூர். முதல் பாகத்தின் திரைக்கதையில் பெயர் போட்ட இருவர். இரண்டாம் பாகத்தை எழுதியது வேறு ஆட்கள். அந்த இருவரையும் உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, புதுக் கதை ஒன்று கையில் வந்த பிறகுதான் பாங்காக்குக்கு டிக்கெட் போட்டிருப்பேன்.