பார்பியின் குதிகால்: திரைவழி ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பார்பிப் படங்களை ஆராய்ந்தோர் பெண்ணியம் என்றும் நுகர்வியம் என்றும் இளஞ்சிவப்பு என்றும் பேசி மேலேயே நின்றுவிட்டனர். கால்வரை இறங்கி வந்தவர் அரியர். அக்குறை தீர்ப்பதே இக்கட்டுரையின் பயன். இப்பொம்மையின் திரைவரலாறு குதிகால் தரைதொட்ட வரலாறே என்பது நம் கொள்கை.

தோற்றுவாய்

1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர் அறிமுகப்படுத்திய பார்பிக்குப் பிறவியிலேயே குதிகால் தூக்கியிருந்தது. ஹீல்ஸ் மாட்ட வசதி, நிற்கத்தான் வசதியில்லை. ஆகவே முதற்பதிப்பின் உள்ளங்கால்களில் துளையிட்டு, பீடத்தின் இரு கம்பிகளில் செருகி நிறுத்தினர். காலுக்கேற்ற செருப்பு என்பது உலக வழக்கு. செருப்புக்கேற்ற கால் என்பது மேட்டல் வழக்கு.

நுனிக்கால் காலம்

2001-இல் ‘பார்பி இன் த நட்கிராக்கர்’, 2003-இல் ‘பார்பி ஆஃப் ஸ்வான் லேக்’ என்னும் அனிமேஷன் படங்கள் வந்தன. எத்தனையோ கதையிருக்க பாலே கதைகளை எடுத்ததேன்? சைகோவ்ஸ்கியின் இசைக்காக என்பார் உளர். அது பொருந்தாது. நுனிக்காலில் நிற்பதைப் பெருமையாகக் கொண்டாடும் கலை பாலே. நடக்க உதவாத காலுக்கு அங்கேதான் மரியாதை என்க. நியூயார்க் சிட்டி பாலேயின் பீட்டர் மார்ட்டின்ஸ் நடனம் அமைக்க, அக்குழுவினர் ஆட, அசைவுகள் மோஷன் கேப்சர் முறையில் பதிவாகிப் பொம்மைக்கு ஏறின. மனிதர் ஆண்டுக்கணக்கில் அடிபட்டுக் கற்ற நுனிக்கால், பிறவியிலேயே அது வாய்த்தவளுக்கு இரவல் போயிற்று.

தடை: 2010-இல் வந்த ‘எ மெர்மெய்ட் டேல்’ படத்தின் நாயகி மெர்லியா கடற்கன்னி ஆகிறாளே, வாலுக்குக் குதிகால் ஏது?

விடை: இல்லாத குதிகால் தூக்கியிருக்கவும் மாட்டாது, தரைதொடவும் மாட்டாது. எனவே அப்படம் நம் கொள்கைக்கு நட்புமன்று, பகையுமன்று. மேலும் அவள் மாலிபுவில் அலைச்சறுக்கு ஆடும் பெண்; கரையில் காலுடையவள்.

தட்டைக்கால் காலம்

2015-இல் கணுக்கால் அசையும் பார்பிகளை மேட்டல் கடைக்குக் கொண்டுவந்தது. தட்டைச் செருப்பும் போட முடிந்தது. கடையில் நடந்த இப்புரட்சியின் முழுப்பொருளைத் திரை உணர மேலும் 8 ஆண்டுகள் ஆயின.

2023-இல் கிரெட்டா கெர்விக் இயக்கிய ‘பார்பி’யில் மார்கோ ராபி ஹீல்ஸைக் கழற்றுகிறார், குதிகால் மட்டும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது. கணினி வித்தை என்று ஊர் பேசியது. அஃதன்று, அவர் காலேதான். செருப்பு நகராதிருக்க இருபுறமும் ஒட்டும் டேப், கைக்குப் பிடிமானமாக ஒரு கம்பி, சுமார் 8 டேக். 1959-இல் காலில் கம்பி; 2023-இல் கையில் கம்பி. கம்பி இடம் மாறிற்றேயன்றி, அக்கால் தானாக நின்றதில்லை.

பிறகு ஓர் இரவு, ஆட்டத்தின் நடுவே, படத்தின் பார்பிக்குச் சாவைப் பற்றிய நினைவு வந்து வாய்விட்டுச் சொல்கிறாள். மறுநாள் குதிகால் தரைதொடுகிறது. சாவு என்ற பேச்சுக்குத் தோழியரின் ஆட்டம் ஒரு கணம் நின்றதோடு சரி. கடற்கரையில் தட்டைக்காலைக் கண்டபோதோ அலறினர். எது பெரிய கேடு என்பதை இதனால் உய்த்துணர்க.

‘விசித்திர பார்பி’ என்னும் பாத்திரம் ஒரு கையில் ஹீல்ஸும் மறுகையில் பிர்க்கன்ஸ்டாக் என்னும் தட்டைச் செருப்பும் நீட்ட, நாயகி ஹீல்ஸையே கேட்கிறாள். அவ்விருப்பம் செல்லாது என்றாகிவிடுகிறது. இறுதிக் காட்சியில் இளஞ்சிவப்பு பிர்க்கன்ஸ்டாக் அணிந்து மகளிர் மருத்துவரைப் பார்க்கப் போகிறாள்.

துணிபு

அப்படம் உலகெங்கும் 140 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கதைக்கு, நடிப்புக்கு, விளம்பரத்துக்கு எனக் காரணம் பலவாறு கூறுவர்; குதிகால் இறங்கியதற்கு என்பது நம் தீர்ப்பு. மறுக்க விரும்புவோர் ஒருநாள் முழுதும் ஹீல்ஸில் நின்றபின் எழுதுக. உட்கார்ந்தபடி எழுதிய மறுப்புகள் ஏற்கப்படமாட்டா.