மூணு காம்பு மாடும் ஒரு குதிரையும்

வா கண்ணு, உக்காரு. கம்பெனியில உங்கள வட்டமா உக்கார வெச்சு நேர்மையப் பத்திப் பேச உட்டாங்களாமா? டிராம் வண்டி ஓட்டறவன் அஞ்சு பேரு மேல ஏத்தறதா, வண்டியத் திருப்பி ஒருத்தன் மேல ஏத்தறதான்னு கேட்டாங்களாமா? 1967ல பிலிப்பா ஃபுட்டுன்னு ஒரு சீமைக்கார அம்மா கெளப்பி உட்ட கேள்வியாம். நல்ல கேள்விதான். நம்ம ஊருக்குப் பஸ்ஸே ரெண்டு நேரந்தான் வருது, டிராமுக்கு எங்க போறது? நீங்களும் ஆளுக்கொரு நாயம் சொல்லிப்போட்டு, பஜ்ஜி தின்னுட்டு எந்திரிச்சு வந்திருப்பீங்க. வண்டிக்கடியில கெடந்தவன் ஒருத்தனும் உங்க சொந்தக்காரனில்லையே!

பொழுதோட நம்ம டீக்கடைப் பெஞ்சுலயும் இதே கூத்துதான். மடிநோவு வந்து ஒரு காம்பு அடைச்சுப்போன மாடு. காத்தால கறக்காமத் தேக்கி வெச்சா மடி பானையாட்டம் நிக்கும், அவசரக்காரனுக்கு மூணு காம்புன்னு தெரியாது. சந்தையில வாங்க வர்றவங்கிட்டச் சொல்லோணுமா, வேண்டாமா?

சொல்லியே தீரோணும்னு மொதல்ல குதிச்சது ஆருங்கறே? மாடே இல்லாத வாத்தியாரு. கேக்காமச் சொன்னா அது கிறுக்குத்தனம்னாரு தரகரு. அவருக்கு ரெண்டு பக்கமும் கமிசன். மாட்டுக்காரன் மட்டும் டீக்கிளாஸையே பாத்துட்டிருந்தான். கூட்டத்துல வாய மூடிட்டிருக்கறவனப் பாரு கண்ணு, கேள்வி அவனோடது. மத்தவங்களுக்கெல்லாம் அது பொழுதுபோக்கு.

அப்பத்தான் வக்கீல் குமாஸ்தா 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்த எடுத்து உட்டாரு. 17ஆம் பிரிவுல வெள்ளக்காரன் மாட்டுக்குப் பதிலாக் குதிரைய வெச்சு எழுதியிருக்கறானாம். சொகமில்லாத குதிரைன்னு தெரிஞ்சும் ஏலத்துல வாயத் தொறக்காம வித்தா, அது மோசடியில்ல. வாங்கறது இப்பத்தான் மேஜரான பெத்த மகளா இருந்தா, சொல்லியே ஆகோணும். இன்னொண்ணு கேளு. 'நீ இல்லேங்கலைன்னா நல்ல குதிரைன்னே எடுத்துக்குவேன்'னு வாங்கறவன் சொல்லிப்போட்டா, அப்புறம் நீ சும்மா நின்னாலும் வாயால சொன்ன கணக்குத்தான்.

எனக்குப் புடிச்சது நடுவுல வர்ற அந்த மகதான். பெத்தவனுக்கே சட்டம் போட்டுத்தான் வாயத் தொறக்க வெக்கோணும்னு தோணியிருக்குது பாரு, நம்மள நல்லாத்தான் படிச்சிருக்கறான்!

அடுத்த தடவ வட்டம் போட்டா, டிராமை நிறுத்தச் சொல்லு. இந்த மாசம் வாடிக்கைக்காரங்கிட்டச் சொல்லாம உட்டது ஒண்ண ஆளாளுக்கு எடுத்து நடுவுல வெக்கட்டும். மேனேஜர் மொதல்ல. வட்டம் எத்தன நேரம் நிக்குதுன்னு பாரு. மறுநா உனக்கு அங்க வேலை இருக்குதான்னும் பாத்துக்க.

அது கெடக்கட்டும். செவ்வாக்கெழமை பொள்ளாச்சிச் சந்தைக்கு நம்ம செவலையப் புடிச்சுட்டுப் போறேன், நீயும் தொணைக்கு வா. தரகரு துண்டு போட்டு வெரலப் புடிக்கறப்பப் பக்கத்துல நில்லு. அந்த 'இல்லேங்கலைன்னா'வ மட்டும் வாங்க வர்றவங் காதுல போட்றாத, சாமி.