வேலிகாத்தானோடு ஒரு வழக்கு

அண்ணனூரில் வீடு கட்டியபோது மேஸ்திரி ஒரு நல்ல சேதி சொன்னார்: "பக்கத்து மனை காலி சார், காத்து பிச்சிக்கும்." காற்று வந்தது. கூடவே வேலிகாத்தானும் வந்தது. தெற்கே சீமைக்கருவேலம் என்பார்கள். எங்கள் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் வேலிகாத்தான். மனைக்காரர் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. காவலுக்குத்தான் அது இருக்கிறதே!

முதல் பலி செம்பருத்தி. ஊற்ற ஊற்ற வாடியது. மனைவி என் கையை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க கைராசி அப்படி." ராசியைக் காப்பாற்றிக்கொள்ளக் குழியைக் கிண்டினேன். காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்து வந்த விரல் தடிமன் வேர் ஒன்று, செம்பருத்தியின் ஈர மண்ணுக்குள் சடைபோல நூல்வேர் விட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ஆறு மாதமாகக் காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீரை யார் குடித்தார்கள் என்பது புரிந்தது.

ஆள் வைத்து மரத்தைத் தரையோடு வெட்டினேன். அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து ஒன்பது கிளை. ஒருவரைக் காலி செய்துவிட்டு ஒன்பது பேருக்குப் பட்டா கொடுத்த கணக்கு. சுவரோரம் இரண்டடிப் பள்ளம் வெட்டித் தகரம் இறக்கினேன். வேர் தகரத்துக்கும் கீழே போய் வந்தது. சரி, தொட்டியில் வைக்கலாம் என்றால், ஒருநாள் தொட்டி நகர மறுத்தது. அடி ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது.

பிறகுதான் எதிரியின் ஜாதகத்தைப் படித்தேன். அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. விறகுக்காக 1870களில் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் விதைத்தது. அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இதன் பங்காளி ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 174 அடி. என் போர்வெல்லே 120 அடிதான். 2017இல் இதை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டில் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. ஸ்டே வாங்கிய மரத்தோடு செம்பருத்தி என்ன வழக்காடும்?

நர்சரிக்காரரிடம் போய், "பூ வேண்டாம், ரௌடிச் செடியா குடுங்க" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. முதலில் நொச்சி: ஏரிக்கரையில் யாரும் கேட்காமலே வளர்கிற ஆள், வெட்டினால் இதுவும் துளிர்க்கும். அடுத்து ஆடாதொடை: ஆடே தொடாது, வறட்சிக்கும் அசையாது. கடைசியில் ஒரு சாண் பிரண்டையை ஒடித்து இனாமாகத் தந்தார். "இத்த சும்மா போட்டு வெய்யி சார்."

போட்டேன். பிரண்டைக்கு மண்ணிடம் அதிக எதிர்பார்ப்பு இல்லை. நாலு பட்டைத் தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வேர்ச் சண்டைக்கே போகாமல் சுவர்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வேலிகாத்தானின் முள்ளையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போயிற்று. எனக்குப் பரம திருப்தி. வாரம் இரண்டு நாள் துவையல். நறுக்கிய கை அரிப்பு மட்டும் எனக்கு.

போன மாதம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் வாசலில் வெகுநேரம் நின்றார்.

"சார், போன தடவை இங்க ஒரு மீட்டர் இருந்துச்சே?"

அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்தேன்.