விதான விசாரம்

திண்டு போன்ற கல் என்று தன் மலையை அழைத்து, அப்பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்ட திண்டுக்கல்லில், கூரையின் உட்புறத்தைப் பற்றி ஒரு சாஸ்திரம் இதுகாறும் தோன்றாமற் போனது வியப்பே. விதானத்தைத் தரிசிப்பதற்கு உரிய ஆசனம் திண்டில் தலை சாய்த்து மல்லாந்து கிடத்தல் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாதல்லவா? ஆகவே, இக்காலத்தார் ‘பால்ஸ் சீலிங்’ என்று வழங்குவதும், அதிலும் விசேஷமாக நடுப்பகுதி மேலெழும்பிக் கவிழ்த்த தாம்பாளம்போல் தோற்றமளிப்பதுமான விதானத்தை இங்கே விசாரிக்கப் புகுகிறேன்.

அது உயர்த்தப்படுவதே இல்லை என்பது முதற்கண் அறியத்தக்கது. மதுரையில் திருமலை நாயக்கர் 1636-இல் கட்டுவித்த மாளிகையின் சொர்க்கவிலாசத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கவிந்த மாடம் மெய்யாகவே மேலே எழும்பியது; நம் சமவெளி வீடுகளிலோ, பத்தடி உயரத்தில் கான்கிரீட் போட்ட கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகு அதை ஓர் அங்குலமும் உயர்த்த ஒருவராலும் ஆகாதாகையால், சுற்றுப்புறத்தை ஜிப்சம் போர்டால் அரையடி தாழ்த்திவிட்டு, தாழாமல் எஞ்சிய நடுப்பகுதியை உயர்ந்தது என்கிறோம். (சில உத்தியோக உயர்வுகளும் இந்த யுக்தியாலேயே நிகழ்வதாகக் கேள்வி.)

இதைக் கம்ப்யூட்டரில் நிகழ்த்தும் கிரியை எளிது. 2000-இல் வெளிவந்து, 2006 முதல் 2012 வரை கூகுள் வசமிருந்த ஸ்கெட்ச்அப் என்னும் மென்பொருளில், அறையளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து, ‘ஆஃப்செட்’ கருவியால் இரண்டடி உள்தள்ளி மற்றொன்றை உண்டாக்கி, ‘புஷ் புல்’ கருவியால் வெளி விளிம்பை ஆறங்குலம் கீழே இழுத்தால் தாம்பாளம் சித்திக்கும். விளிம்பில் சித்திரவேலை வேண்டுவோர் அதன் குறுக்குவெட்டை வரைந்து ‘ஃபாலோ மீ’ என்று கட்டளையிட்டால், அது சுவரோரமாக ஊர்ந்து நான்கு மூலையும் திரும்பி வரும்.

இத்துணைப் பரிபூரணமான உலகில், வரைபவர் நினைவு வைத்து வரைந்தாலன்றித் தோன்றாத வஸ்து ஒன்று உண்டு. அது ஃபேன் கொக்கி. கான்கிரீட் போடுமுன் கம்பியோடு கட்டப்படும் கொக்கி, போட்டபின், 1755-இல் இவ்வூருக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலியே மீண்டும் வந்து ஆணையிட்டாலும் இடம் பெயராது. எங்கள் ஹாலுக்குத் தம்பி மகன் ‘த்ரீடி’யில் காட்டிய தாம்பாளத்தின் நடுவே அழகிய தாமரை ஒன்று இருந்தது, கொக்கியோ ஒன்றரை அடி மேற்கே, தட்டில் உருண்டு விளிம்பைத் தொட்ட எலுமிச்சம்பழம்போல் நின்றது. “ஃபேனே வேணாம் பெரியப்பா, ஏசி போட்டுக்கலாம்” என்றான். கரண்டு பில் கட்டும் வயது அவனுக்கு இன்னும் வரவில்லை.

தளத்துக்கும் போர்டுக்கும் இடைப்பட்ட இருண்ட அரையடியில் இப்போது பல்லிகள் குடியேறியிருக்கின்றன. கௌளி சாஸ்திரமோ ஒலி எழும் திசையைக்கொண்டு பலன் சொல்வது. திசை தெரியாது தலைக்கு மேலே எங்கோ எழும் ஒலிக்குப் பலன் யாது என்பதில் என் மனைவிக்கும் சம்பந்தியம்மாளுக்கும் நீண்டகாலமாக அபிப்பிராய பேதம் நிலவுகிறது.

வீடு அலங்கரிக்கப் புகுவோர் கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஏணி வைத்து ஏறி, கொக்கி எந்தச் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன்.