மூழ்கிய கப்பலுக்கும் ஒரு மியூசியம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மழையும் நலம், நான் வந்த நாளாக அது நகரவே இல்லை. கொல்லிமலையில் மேகம் இறங்கினாலே "ஒரு உழவு மழை வருமா" என்று அண்ணாந்து பார்ப்பவர் நீங்கள். இங்கே வந்தால் மூன்றாம் நாளே "போதுஞ்சாமி" என்று கும்பிட்டுவிடுவீர்கள்.

"அயர்லாந்துல பார்க்க என்னடா இருக்குது?" என்று போனில் கேட்டீர்களே. இங்கே கார்க் மாவட்டக் கடற்கரையில் ஊர் என்றால் ஒரு சர்ச், இரண்டு பப், ஒரு படகுத்துறை, அவ்வளவுதான். சாயங்காலம் எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம்கூடச் சில ஊர்களில் இல்லை. ஆனால் பெருமைக்குக் குறைச்சல் கிடையாது. அதுவும் ஊரை விட்டுப் போனவர்களையும் மூழ்கிப் போன கப்பல்களையும் வைத்துத்தான் பெருமையே!

கோவ் என்றொரு துறைமுக ஊர். 1845-இல் உருளைக்கிழங்குக்கு நோய் வந்து பஞ்சம் பிடித்ததில் நாட்டில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அப்புறம் ஜனம் கப்பலேற ஆரம்பித்து, இந்த ஒரு துறையில் மட்டும் நூறு வருஷத்தில் 25 லட்சம் பேர் கிளம்பினார்களாம். கரையில் ஆனி மூர் என்ற பெண் இரண்டு தம்பிகளோடு சிலையாக நிற்கிறாள். என்ன சாதித்தாள் என்கிறீர்களா? 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனாள். நம் பக்கம் வெளிநாடு போனவனுக்குச் சிலையா வைக்கிறோம்? "வாங்குன கடனை அடைச்சானா" என்று கேட்பதோடு சரி.

டைட்டானிக் கடைசியாக நின்று போனதும் இதே ஊரில்தான், 1912 ஏப்ரல் 11-இல். அந்தக் கப்பல் கம்பெனியின் டிக்கெட் ஆபீஸ் இப்போது மியூசியம். நுழையும்போதே ஒரு பயணியின் பெயர் போட்ட அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள்; பிழைத்தாரா இல்லையா என்பது கடைசியில்தான் தெரியும். எனக்கு வாய்த்தவர் மூன்றாம் வகுப்பு. காசு கொடுத்து உள்ளே போய்ச் செத்து வெளியே வந்தேன்.

இதே கடற்கரையில் பாலிகாட்டன் என்ற ஊரில் கலங்கரை விளக்கம் முழுக்கக் கருப்பு. பார்த்தால், "டீசல் புகை அடிச்சிருச்சா" என்பீர்கள். அங்கே மேட்டில் ஒரு பழைய மீட்புப் படகு நிலைக்கு வந்த தேர் மாதிரி நிற்கிறது. 1936 பிப்ரவரிப் புயலில் ஊர்க்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய், 49 மணி நேரம் கடலில் கிடந்து, எட்டுப் பேரைக் கரை சேர்த்தார்கள். நம்மூராக இருந்தால் அந்தப் படகு எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

அஹாகிஸ்டா என்ற ஊரில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து இந்தக் கடலில் விழுந்து 329 பேர் போனார்கள். அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டி, ஒரு சூரியக் கடிகாரமும் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பெயர்களாக வரிசையாக இருக்கின்றன. செத்தவர்களில் யாரையும் இந்த ஊருக்குத் தெரியாது. இருந்தும் வருஷம் தவறாமல் அந்த நாளில் கூடுகிறார்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: இங்கே மீன் உண்டு, குழம்பு கிடையாது. மாவில் முக்கிப் பொரித்து, பக்கத்தில் உருளைக்கிழங்கைக் குவித்து, மேலே வினிகரை ஊற்றுகிறார்கள். அத்தனை பேரைக் கப்பலேற்றிய கிழங்கை இன்னும் தட்டை விட்டு இறக்க மனசு வரவில்லை இவர்களுக்கு! குழம்பு மிளகாய்த்தூள் ஒரு கிலோ அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். பாக்கெட்டை இரண்டு மடிப்பாகக் கட்டட்டும். போன தடவை என் சட்டையெல்லாம் சாம்பார் நிறம்.

உங்கள் மருமகன்