கயாக் மூட்டையில் புளிசோற்றின் இடம்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாகூரில் பல்லவர் காலத்திலேயே ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. அங்கே ஓதப்பட்ட வித்தைகள் பதினான்கு. படகுக்கு மூட்டை கட்டும் வித்தை அவற்றில் இல்லை. இந்தப் பதினைந்தாவது வித்தைக்கு இலக்கணம் வகுப்பதே நம் நோக்கம். ஊர் தானம் எதுவும் கேட்கவில்லை.

ஆய்வுக்களம், கடலூர் சாலையில் நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாறு. ஊசுட்டேரி பக்கத்தில் இருக்க இவ்வளவு தூரம் ஏன் என்று வில்லியனூர்க்காரர்கள் கேட்பார்கள். அது 2008 முதல் பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளுக்கு நம் சொந்தபந்தங்களின் குரல்வளத்தைத் தாங்கும் பயிற்சி கிடையாது.

முதல் முடிபு: பயணத்துக்கு முந்தைய இரவு மூட்டைக்குள் முதலில் நுழைவது புளிசோறு. இரண்டாவது, அதற்குத் தொட்டுக்கொள்ள வறுவல். மூன்றாவது, வறுவல் நமுத்துப்போனால் என்ன செய்வது என்ற கவலை. உயிர்காக்கும் பொருள்கள் எட்டாம் இடத்துக்குக் கீழேதான் தலைகாட்டும். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் பெருமையை நிலைநாட்ட மண்பானையில் தண்ணீர் கொண்டுபோகலாம் என்பது பெரியப்பா கட்சி. ஆளுக்கொரு பாட்டில் போதும். அதையும் கயிற்றால் படகோடு கட்டிவிட வேண்டும்.

இனி எடைக் கோட்பாடு. கனம் தாழ்வாகவும் நடுவிலும் இருந்தால் கயாக் சாயாது. அடுக்குத் தூக்கை மடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்வது கவிழ்வதற்கான முறையான விண்ணப்பம். சோறு தூக்கில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும் படகுக்கு எடை ஒன்றே. ஆனால் வயிற்றில் இருப்பது கவிழ்ந்தால் மிதந்து போகாது. எனவே கரையிலேயே சாப்பிடும் கட்சிக்கு நம் ஆதரவு. செல்போன், மாத்திரை, மாற்றுத்துணி மூன்றும் தண்ணீர் புகாத பைக்குள் போகட்டும். கேரிபேக்கை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் போதும் என்ற நம்பிக்கை, ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

இருவர் கயாக்கில் சிக்கல் வேறு. வில்லியனூர்த் தேர்வடத்தைப் பிடித்தால் ஊரே ஒரே திசையில் இழுக்கும். துடுப்பைக் கொடுத்தால் கணவனும் மனைவியும் இரு திசையில் போவார்கள். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் கைவீச்சைப் பார்த்துப் போடுவதே தீர்வு. இது குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது தனி ஆய்வு.

லைஃப் ஜாக்கெட் பற்றிய தரவு, ஓர் உரையாடலாகவே கிடைக்கிறது:

“அத்தை, ஜாக்கெட் போட்டுக்கோங்க.”

“எனக்கு எதுக்குடா? நான் என்ன நீச்சலடிக்கவா வந்தேன்?”

நீச்சலடிக்க வராதவருக்குத்தான் அது முதலில் தேவை. அளவைப் பார்த்து எடுத்து, பட்டைகளை இறுக்கியபின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் தண்ணீரிலும் ஏறும். சின்ன அளவு வேண்டும். போட்டோ எடுத்ததும் கழற்றி உட்காரும் மெத்தையாக்குவது நம் ஆய்வு கண்ட ஆகப்பெரிய முறைகேடு. ஆளுக்கொரு விசிலும் தேவை. கூப்பிட்ட குரல் எதிர்க்காற்றில் எட்டாது.

எப்போது போவது? காலையில். பகல் ஏறினால் கடல்காற்று துடுப்போடு மல்லுக்கு நிற்கும். வற்றம் நேரத்தில் ஆற்றுநீர் முகத்துவாரம் நோக்கி இழுக்கும் என்பதால், துறையில் இருப்பவரிடம் ஏற்றம், வற்றம் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆசையே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியே பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அங்கே மழை நின்றபின்னும் ஆறு ஏறும்.

கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள், தூக்கைத் துரத்தாதீர்கள். இதற்கு மறுப்புரை எழுத விரும்பும் அத்தைமார், பட்டைகளை இறுக்கிக்கொண்டபின் எழுதலாம்.