ஆர்ட்டினுக்குக் காத்திருக்கும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, போக்கர்ல உன் கையில ரெண்டு ஆர்ட்டின், நடுவுல விரிச்ச மூணுல ரெண்டு ஆர்ட்டின்; இன்னும் ஒண்ணு வந்தா ஃப்ளஷ். உன் மூஞ்சியப் பார்த்தா பொண்ணு பாக்கப் போனவன் காப்பி குடிக்குறதுக்குள்ள பத்திரிகை அடிக்க ஆர்டர் கொடுத்த மாதிரி இருக்கு.

நீ வேலைக்கு வந்திருக்கிறது கடக்வாஸ்லாவுல. 1916-ல ஆரம்பிச்ச மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊர்லதான் இருக்கு. அணையக் குட்டியா செஞ்சு, தண்ணி விட்டுப் பார்த்து, அப்புறம்தான் யோசனை சொல்லுவாங்க. நீயோ கணக்கே பாக்காம கடலைய நூறு நூறா நடுவுல தள்ளுற. பலே!

எங்க சாவடி ரம்மியில நடுச்சீட்டுக்காக எம்புட்டு நேரமும் காத்துக் கிடக்கலாம். சீட்டு எடுக்கக் கூலி கிடையாது. போக்கர்ல அடுத்த சீட்டப் பாக்கணும்னா எதிராளி கேக்குற கூலியக் கொடுக்கணும். ரம்மிக்காரன் தோக்குறது இங்கதான்.

பாக்காத சீட்டு 47, அதுல ஆர்ட்டின் 9. அடுத்த சீட்டுல வர்றது அஞ்சுக்கு ஒண்ணு கூட முழுசா இல்ல. நடுவுல 100 கடலை கிடக்கு, எதிராளி இன்னொரு 100 போடுறான். நீ 100 கட்டினா ஜெயிக்கிறது 200, ஒண்ணுக்கு ரெண்டு. உனக்கு வேண்டியது ஒண்ணுக்கு நாலுக்கும் மேல. அவன் 25 போட்டா கட்டு, மகராசனா கட்டு. கையில இருக்கிற கடலை முழுசும் இப்பவே உள்ள போயிட்டா கதை வேற: ஒரே கூலியில ரெண்டு சீட்டு, நூத்துக்கு 35 தடவை வரும்.

‘வந்த பொறவு அவன்கிட்ட இன்னும் கறப்பேன்’னு சொல்லுவ. சரிதான், ஆனா பலகையில மூணாவது ஆர்ட்டின் விழுந்ததும் குருடனுக்கும் தெரியும், அவன் கையை மடக்கிக்குவான். வரிசைச் சீட்டு சேர்ந்தா அந்தளவு கண்ணுக்குப் படாது. ஆனா நடுவுல ஒரே ஓட்டையா இருந்தா 47-ல 4 தான், அதுக்கு ஓசியில காட்டினா மட்டும் பாரு. குட்டி நாலு, அஞ்சு ஆர்ட்டின வெச்சுக்கிட்டு ஃப்ளஷ் சேர்ந்துருச்சுன்னு குதிக்காத. ஆஸ் வெச்சவன் அமைதியா உக்காந்திருப்பான்.

வெறுமனே கட்டிக்கிட்டே இருக்கிறதவிட, சில நேரம் நீயே ஏத்திப் போடு. அவன் பயந்து சீட்டப் போட்டுட்டு எழுந்தா சீட்டே வராம ஜெயிச்சுடுவ. எழுந்திரிக்கலன்னா உன் 9 சீட்டு இன்னும் இருக்கு. ஆனா எழுந்திரிக்கவே மாட்டேங்குற பிடிவாதக்காரன்கிட்ட இந்த வித்தையக் காட்டாத, அவன் உன் தாத்தா மாதிரி.

காசுக்கு ஆன்லைன்ல ஆடலாமான்னு கேக்காத. 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் திறமையாட்டம், அதிர்ஷ்டம்னு பேதம் பாக்காம ரெண்டையும் மூடிடுச்சு. 1967-ல சுப்ரீம் கோர்ட்டு ரம்மிக்குத் திறமைப் பட்டம் கொடுத்தத வெச்சு நீ வக்கீல் வேலை பாக்க வேண்டாம். கடலைக்கே ஆடு. தோத்தா நான் திங்கேன்.